நாயை அளந்துவிட்டு காரைப் பாருங்கள்!

தோட்டத்து நாய்களோடு பயணம் செய்ய ஏற்ற வண்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன மாதம் கோவில்பட்டிப் பக்கம் ஒரு மானாவாரி உளுந்து வயலைப் பார்த்துவிட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். மஞ்சள் தேமல், காய்ப்புழு என்று ஏதாவது கேட்பார் என எதிர்பார்த்தேன். நிலத்துக்காரர் கேட்டது வேறு.

"சார், மூணு லட்சத்துக்குள்ள பழைய கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். வீட்டுல நாலு பேரு, ரெண்டு நாய். நாய்களையும் ஏத்திட்டுப் போக எந்த காரு தோதா இருக்கும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "நாய்க்கு காரு கேக்குதாம்ல!" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஊரில் வீடு. மனைவி வழியில் வந்த கிணற்றுத் தோட்டம் 25 கிலோமீட்டர் தள்ளி. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக்குக் காவலாக நாய்கள் அங்கே வேண்டும். அறுப்பு முடிந்தால் ஆட்டுக்கிடைக்குக் காவலாக ஊருக்குத் திரும்ப வேண்டும். இதுவரை டி.வி.எஸ். மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் நிற்க வைத்துக் கொண்டுபோயிருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் எதிரே வந்த லாரியின் ஹாரனுக்கு மிரண்டு ஒரு நாய் குதித்து, முன்னங்கால் முறிந்துவிட்டது.

பேருந்தில் பெரிய நாயை ஏற்ற மாட்டார்கள். ரயிலில் முதல் வகுப்பில் தனி அறையாக எடுத்தால்தான் நம்மோடு வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் அனுப்ப வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசிக்கு, இணை சேர்க்க, கால்நடை மருத்துவரிடம் காட்ட என்று நாயோடு போகும் தேவை வந்துகொண்டேதான் இருக்கிறது. நம் தென்மாவட்டத்து ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போன இனங்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் ஒன்று. அப்படிப்பட்ட நாய்களை மூட்டைபோல வண்டியில் போட்டுக்கொண்டு போக முடியாது.

அன்று வரப்பில் நின்று அவரிடம் சொன்னதையும், விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: சாக்கும் குச்சியும்

பெரும்பாலோர் காரைப் பார்த்துவிட்டு, "நாய் உள்ளே போகுமா?" என்று யோசிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் நாயை அளங்கள். பிறகு காரைப் பாருங்கள்.

நாய் காலை நீட்டி ஒருக்களித்துப் படுத்து உறங்கும்போது, அதன் முதுகிலிருந்து கால் நுனி வரை அகலத்தையும், மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுக்கு ஒரு காலி உரச்சாக்கைப் பிரித்து வெட்டுங்கள். ஒரு சாக்கு போதாவிட்டால் இரண்டைச் சேர்த்துத் தையுங்கள். இரண்டு நாய் என்றால் இரண்டு விரிப்பு. அடுத்து, நாய் தலை நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை ஒரு குச்சியில் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சாக்கும் குச்சியும்தான் உங்கள் அளவுகோல். எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் கையில் கொண்டுபோங்கள். நாய் ஏறப்போகும் இடத்தில் சாக்கை விரியுங்கள். மடிப்பு விழாமல் சமமாக விரிந்தால் நாய்க்குப் படுக்க இடம் உண்டு. குச்சி நிமிர்ந்து நின்றால் நிற்க இடம் உண்டு. நாய்க்கு வேண்டியது நிற்க, திரும்ப, படுக்க இடம். அதற்கு மேல் இடம் இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மிகப் பெரிய இடத்தில் கட்டாமல் விட்டால் ஒவ்வொரு வளைவிலும் நாய் இங்கும் அங்கும் உருளும்.

மூன்றாவது அளவு, ஏறும் உயரம். தரையிலிருந்து டிக்கியின் விளிம்பு அல்லது கதவின் அடிப்பகுதி வரை அளந்து பாருங்கள். இளம் நாய் எந்த உயரத்துக்கும் தாவிவிடும். ஏழெட்டு வயதான நாயும், இடுப்பு பலவீனமான நாயும் தாவினால் மூட்டு கெடும். இறங்கும்போது குதிப்பதுதான் முன்னங்கால்களுக்கு அதிகக் கேடு. வண்டி உயரமாக இருந்தால் ஒரு பலகையில் கோணிச்சாக்கைச் சுற்றி ஆணி அடித்து, சாய்வுப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் தின்பண்டம் காட்டிப் பழக்கினால் தானே ஏறி இறங்கும்.

எந்த வகை வண்டி எப்படி?

*சிறிய ஹேட்ச்பேக்:* ஆல்ட்டோ போன்ற சின்னக் கார்களில் டிக்கி சிறியது. பெரிய நாய் அங்கே படுக்க முடியாது. பின் சீட்டில் ஒரு நடுத்தர நாயும் ஒரு ஆளும் போகலாம். நான்கு பேர், இரண்டு நாய் என்றால் இது சரிவராது.

*கூரை உயர்ந்த ஹேட்ச்பேக்:* வேகன் ஆர் போன்ற வண்டிகளில் கூரை உயரம் என்பதால் நாய் நிமிர்ந்து நிற்கும். பின் சீட்டை மடக்கினால் டிக்கியோடு சேர்ந்து நல்ல இடம் கிடைக்கும். பின் சீட் இரண்டு பங்காகத் தனித்தனியே மடங்குகிறதா என்று பாருங்கள். ஒரு பாகத்தை மடக்கி நாய்க்குக் கொடுத்துவிட்டு, மறுபாகத்தில் ஒருவர் உட்காரலாம். கேஸ் சிலிண்டர் வைத்த வண்டி என்றால் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே பிடித்துக்கொள்ளும். எரிபொருள் செலவு குறைகிறதே என்று பார்த்தால் நாய்க்கு இடம் போய்விடும்.

*செடான்:* டிசையர் போன்ற, டிக்கி தனிப் பெட்டியாக இருக்கும் கார்கள். இவற்றில் நாய்க்கான இடம் பின் சீட் மட்டும்தான். "டிக்கியை லேசாத் திறந்து வச்சுக் கட்டிட்டா காத்து போகும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பெரும் தவறு. திறந்த டிக்கிக்குள் காற்றோடு சைலன்சர் புகையும் சுழன்று ஏறும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நாய் சத்தமில்லாமல் மயங்கிவிடும். நாம் மூச்சுவிடும் அதே காற்று கிடைக்கும் இடத்தில்தான் நாய் இருக்க வேண்டும்.

*ஆம்னி, ஈகோ போன்ற வேன்கள்:* தரை தாழ்வாகவும் சமமாகவும் இருக்கும். பக்கக் கதவு நகரும் கதவு. வயதான நாய்கூட எளிதாக ஏறும். அதனால்தான் ஆட்டுக்குட்டியிலிருந்து வாழைத்தார் வரை ஏற்றும் வீடுகளில் இது இன்னும் ஓடுகிறது. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். இவற்றில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு முன் சீட்டின் பின்புறத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நாயைப் பின்பகுதியில் வையுங்கள். இரண்டாவது, ஆம்னி தயாரிப்பு 2019-லேயே நின்றுவிட்டது. இப்போது கிடைப்பவை எல்லாம் பழையவை. தரைத் தகட்டில் துரு ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தே வாங்க வேண்டும்.

*பொலிரோ, சுமோ போன்ற ஜீப் வகை:* பின்னால் எதிரெதிரே மடக்கு சீட் உள்ள மாடல்களில், அவற்றைத் தூக்கிவிட்டால் இரண்டு பெரிய நாய்கள் தாராளமாகப் படுக்கும். மண் பாதைக்கும் ஓடைக்கும் தாங்கும். ஆனால் தரை உயரம். சாய்வுப் பலகை இல்லாமல் முடியாது.

*ஏழு பேர் கார்:* எர்டிகா போன்றவற்றில் கடைசி வரிசை மடங்கி இடம் சமமாகும். நடு வரிசைக்குக் கூரையிலிருந்தே ஏ.சி. காற்று வரும் மாடல் என்றால், அது பின்னால் படுத்திருக்கும் நாய் வரை எட்டும். விலைதான் கூடுதல்.

*சரக்கு வண்டி:* ஏஸ் போன்ற சின்ன லோடு வண்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே நாயை ஏற்றுகிறார்கள். மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, கழுத்தில் கட்டிய கயிற்றை நீளமாக விட்டுவிடுவது. நாய் ஓரம் தாண்டிக் குதித்தால் வெளியே தொங்கி உயிர் போய்விடும். இரண்டு, வெயிலில் காய்ந்த இரும்புத் தரையில் அப்படியே நிறுத்துவது. பாதம் வெந்துவிடும். மூன்று, நாய்க்குத் துணையாக ஆளைப் பின்னால் உட்கார வைப்பது. சரக்குப் பகுதியில் ஆள் ஏறுவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். லோடு வண்டிதான் உண்டு என்றால், பட்டறையில் ஒரு கம்பிக்கூண்டு செய்து, அதை வண்டியோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். மேலே நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல்வலை, கீழே தடித்த சாக்கு. பயணம் காலை 9 மணிக்கு முன்பு அல்லது மாலை 5 மணிக்குப் பிறகு.

அந்தக் கோவில்பட்டி நண்பருக்கு நான் சொன்னது: நான்கு பேரும் இரண்டு நாயும் ஒரே நேரத்தில் போவது வருடத்தில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு, மூன்று நாள்தான் என்றால் அதற்காகப் பெரிய வண்டி வேண்டாம். மாதம் இரண்டு முறை என்றால் வேனோ ஜீப்போதான் சரி.

பழைய வண்டி பார்க்கும்போது

ஆர்.சி., காப்பீடு, இன்ஜின், டயர் எல்லாம் மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிடுவீர்கள். தனியார் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான் செல்லும், அதன்பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாய்க்காகத் தனியாகப் பார்க்க வேண்டியவை இவை:

1. பின் சீட்டை மடக்கி நிமிர்த்துங்கள். 'டக்' என்று பூட்டுகிறதா? பூட்டு தளர்ந்திருந்தால், பிரேக் போடும்போது சீட் மடங்கி நாய் மேல் விழும்.

2. டிக்கிக் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கிழியாமல் இருக்கிறதா? வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு பின்பகுதியில் இரண்டு நிமிடம் உட்காருங்கள். புகை மணம் வந்தால் ரப்பரையும் சைலன்சரையும் சரிசெய்யாமல் வாங்காதீர்கள்.

3. நடுப்பகலில் போய் ஏ.சி.யைப் போட்டுப் பாருங்கள். டிரைவர் முகத்தில் குளிர்ந்தால் போதாது. கோழிக்குஞ்சுக் கொட்டகையில் தொங்கும் தெர்மாமீட்டரை நாய் படுக்கும் இடத்தில் வையுங்கள். கால் மணி நேரம் ஓட்டிய பிறகும் அங்கே 30 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால், அந்த இடம் நம் ஊர்க் கோடைக்கு உதவாது. ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கு மேல் மூடியிருக்கும் பலகையைக் கழற்றிவிட்டால் காற்று பின்னால் போகும்.

4. பின் கதவில் குழந்தைப் பூட்டு வேலை செய்கிறதா? கண்ணாடி பட்டனில் இயங்கினால், டிரைவர் பக்கத்தில் பூட்டும் வசதி இருக்கிறதா? நாய் பாதத்தால் பட்டனை மிதித்துக் கண்ணாடியை இறக்கிவிடும். தலையை வெளியே நீட்டியிருக்கும்போது மிதித்து ஏற்றினால் கழுத்து மாட்டிக்கொள்ளும்.

5. தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

மருந்தும் நாயும் ஒரே வண்டியில் வேண்டாம்

வேளாண்மைத் துறையில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நம் வீட்டு வண்டி காலையில் பள்ளிக்குப் போகும், மதியம் உரக்கடைக்குப் போகும், மாலையில் கோயிலுக்குப் போகும். உரக்கடையிலிருந்து வரும் வழியில் பூச்சிமருந்து பாட்டில் ஒழுகியிருக்கும், குருணை மருந்து நாலு மணி சிந்தியிருக்கும். நாம் செருப்புக் காலோடு ஏறுகிறோம். நாய் தன் மூக்கையும் நாக்கையும் தரையில் வைத்தே பயணம் செய்கிறது.

கார்போஃபியூரான் போன்ற குருணைகள் மிகச் சிறிய அளவிலேயே நாயைக் கொல்லும். எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயுவாக மாறும். மருந்து நேர்த்தி செய்த விதை சிந்தினாலும் ஆபத்துதான். விதையின் நிறம் சிவப்பாகவோ பச்சையாகவோ இருக்கும், ஆனால் நாய் நிறம் பார்த்துத் தின்பதில்லை.

ஆகவே, பழைய வண்டியின் விரிப்புக்கு அடியில் மருந்து வாடை அடித்தால் விரிப்பை அப்படியே எடுத்து ஒதுக்கிவிட்டு, தரையைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, கதவுகளைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். கழுவும்போது கையுறை போடுங்கள். கழுவிய தண்ணீர் ஆடு மாடு குடிக்கும் இடத்துக்குப் போகக் கூடாது. இனி மருந்து வாங்கி வருவது என்றால் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு நாய் வேண்டாம், குழந்தைகளும் வேண்டாம்.

உள்ளே எப்படி அமர்த்துவது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டாமல் இருக்கும் 25 கிலோ நாய், ஏறத்தாழ 350 கிலோ எடை மோதும் விசையோடு முன்னால் வந்து விழும். நாயும் பிழைக்காது, முன் சீட்டில் இருப்பவரும் பிழைப்பது கடினம்.

அதனால் கட்ட வேண்டும். ஆனால் கழுத்தில் கட்டக் கூடாது. சடாரென்று பிரேக் போட்டால் கழுத்துப் பட்டையே சுருக்காகிவிடும். மார்பையும் முதுகையும் சுற்றி வரும் மார்புப் பட்டை செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கிறது. அதன் முதுகு வளையத்தை சீட் பெல்ட்டோடு இணைத்து, நாய் எழவும் படுக்கவும் மட்டும் நீளம் விடுங்கள். நம் ஒல்லி உடல் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் மார்பு ஆழம், இடுப்பு குறுகல். அளவு பார்க்காமல் வாங்கினால் பின்பக்கமாக உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். நாயைக் கூட்டிப்போய் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

முன் சீட்டில் நாய் வேண்டாம். ஏர்பேக் உள்ள வண்டியில் அது வெடித்து விரியும் வேகமே நாயைக் கொன்றுவிடும்.

வழுக்கும் ரெக்சின் சீட்டிலும் தகட்டிலும் நாய்க்குப் பிடிமானம் இருக்காது. நகத்தை ஊன்றி ஊன்றி, போய்ச் சேரும்போது களைத்துவிடும், அடுத்த முறை வண்டியைக் கண்டாலே ஓடும். மாட்டுக்கொட்டகையில் போடும் ரப்பர் மேட்டில் ஒரு துண்டு இருந்தால் வெட்டி விரியுங்கள். அதைவிட நல்ல விரிப்பு இல்லை. கழுவுவதும் எளிது.

புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உணவு கொடுத்துவிடுங்கள். வழியில் தண்ணீர் அவசியம். நாய் பூனைகளைக் கொண்டுசெல்வதற்கு 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில், கோடையில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும் குளிர்காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீர் தர வேண்டும் என்று இருக்கிறது. நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே இறக்கி, தண்ணீர் காட்டுவது நல்லது.

நின்றுவிட்ட வண்டி

இப்போது, அன்று எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொல்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஒரு சிப்பிப்பாறை இருந்தான். பெயர் மணி. மணல் நிறம். வெளியூர் வேலைக்குப் போனாலும் என் சின்னக் காரின் பின் சீட்டில் அவன் இருப்பான். பங்குனி மாதம் ஒரு நாள், சங்கரன்கோவில் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். காலை பத்தரை மணி. காரை வேப்பமர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, "பத்து நிமிஷத்துல வந்துடுறேன்டா" என்று சொல்லிப் போனேன்.

தண்டுத் துளைப்பானைப் பார்த்து முடிக்கும்போது பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். சொட்டுநீர் மானியம் பற்றிப் பேச்சு வளர்ந்தது. திரும்பிய போது ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. நிழல் நகர்ந்து, கார் முழு வெயிலில் நின்றது. மணி சீட்டுக்குக் கீழே கிடந்தான். வாயில் நுரை, ஈறு செங்கல் நிறம், கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை.

பதறிப்போய் அப்படியே வண்டியை எடுத்தேன். கால்நடை மருந்தகம் 14 கிலோமீட்டர். வாசலில் தூக்கி இறக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கிளம்பும்போது தண்ணி ஊத்துனீங்களா?"

நான் ஊற்றவில்லை. நிழல் மரத்திலிருந்து இருபது அடி தள்ளி பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைந்து வாய்க்காலில் வழிந்துகொண்டிருந்தது. படித்தவன், பயிருக்கு எப்போது தண்ணீர் கட்ட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவன், அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் வண்டியை ஓட்டிப் போனேன்.

அன்று தெரியாத கணக்கு இது. வெளியே 35 டிகிரி என்றால், மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 45 டிகிரி, அரை மணி நேரத்தில் 54 டிகிரியைத் தொடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கிவிடும்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: இறங்கினால் நாயும் இறங்க வேண்டும். இறக்க முடியாத இடத்துக்குப் போகிறோம் என்றால் நாயை வீட்டில் விடுங்கள். எவ்வளவு நல்ல காராக இருந்தாலும், நிறுத்திப் பூட்டினால் அது நாய்க்கு ஏற்ற கார் அல்ல.

அப்படியும் ஒரு நாய் வெப்பத்தில் விழுந்துவிட்டால்: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் கொண்டுபோக வேண்டும். நிழலுக்கு மாற்றி, கையில் கிடைக்கும் தண்ணீரை உடல் முழுவதும், குறிப்பாக வயிறு, தொடை இடுக்கு, அக்குள் பகுதிகளில் ஊற்றிக்கொண்டே இருங்கள். துண்டாலோ அட்டையாலோ விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்திவிட்டு விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். இரைப்பு தணிந்து நிதானம் வந்த பிறகு, கண்ணாடிகளைத் திறந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட்டுங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பாதிப்பு மறுநாளும் தெரிய வரலாம்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*குட்டி நாய் காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறது. என்ன செய்வது?*

குட்டிகளுக்கு இது சகஜம். வளர வளரக் குறையும். வெறும் வயிற்றில் ஏற்றுங்கள். முதல் வாரம் வண்டியை ஓட்டாமலேயே உள்ளே உட்கார வைத்துத் தின்பண்டம் கொடுங்கள். அடுத்த வாரம் தெருக்கோடி வரை. பிறகு தோட்டம் வரை. ஊசி போடும் நாளில் மட்டும் காரில் ஏற்றினால், கார் என்றாலே ஊசி என்று நினைத்துக்கொள்ளும். மனிதர்கள் சாப்பிடும் வாந்தி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

*ஆடுகளையும் நாயையும் ஒரே வண்டியில் ஏற்றலாமா?*

நாய் காவல் காக்கும் சொந்த மந்தையாகவே இருந்தாலும் நடுவில் தடுப்பு வேண்டும். வண்டி குலுங்கும்போது ஆடு நாய் மேல் விழும். மிரண்ட நாய் கடிக்கும்.

*சினை நாயைக் கொண்டுபோகலாமா?*

நிறைசினையில் வேண்டாம். மேலே சொன்ன விதிகளும் இதைத் தடை செய்கின்றன. மருத்துவம் தேவைப்பட்டால் 1962 என்ற எண்ணை அழைத்துக் கால்நடை மருத்துவ ஊர்தி வருமா என்று கேளுங்கள்.

*வெளி மாநிலம் போகும்போது என்ன சான்று வேண்டும்?*

வெறிநோய்த் தடுப்பூசி போட்ட புத்தகமும், நாய் பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றும் கையில் இருக்கட்டும். தடுப்பூசியை முதலில் மூன்று மாத வயதில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும்படி தொடருங்கள்.

கோவில்பட்டி நண்பர் போன வாரம் போன் செய்தார். நாலு வண்டி பார்த்தாராம். விற்கிறவர்கள் எல்லாரும் சாக்கையும் குச்சியையும் பார்த்துச் சிரித்தார்களாம். நாலாவதாகப் பார்த்த பழைய வேனில் இரண்டு சாக்கும் பக்கத்துப் பக்கத்தில் சமமாக விரிந்திருக்கிறது. டிக்கி ரப்பர் மட்டும் கிழிந்திருந்ததால், மாற்றித் தரச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறார்.

"ஒரு பெரிய கேன்ல தண்ணி எப்பவும் வண்டியிலேயே இருக்கும் சார்," என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.